தோற்கச் சம்மதித்த மல்லர்கள்

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்கள் தோன்றி வளர்ந்த காலமும், மலேயாவின் பட்டணங்களில் மல்யுத்தம் ஒரு கட்டணக் காட்சியாகத் தழைத்தோங்கிய காலமும் ஏறக்குறைய ஒன்றே. 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்துச் சென்ற இம்மலைநாட்டில், 1929-இல் ரஸ்ஸல் என்பவர் போ தோட்டத்தை நிறுவினார். தாப்பாவிலிருந்து நூற்றுக்கணக்கான வளைவுகளைக் கடந்து தானா ராத்தாவை எட்டும் மலைப்பாதை 1931-இல் போக்குவரவுக்கு வந்தது. அக்காலத்திலேயே சிங்கப்பூரில் 1923-இல் நியூ வொர்ல்டு, பின்னர் கிரேட் வொர்ல்டு, 1937-இல் ஹேப்பி வொர்ல்டு என்று கேளிக்கைப் பூங்காக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஈப்போவுக்கு ஜூபிலி பார்க்கும் கோலாலம்பூருக்குப் புக்கிட் பிந்தாங் பார்க்கும் அவ்வகையில் அமைந்தன. நாடகம், நடனம், குத்துச்சண்டை ஆகியவற்றோடு மல்யுத்தத்தையும் ஒரே மதிலுக்குள் வைத்து, சீனர், மலாய்க்காரர், தமிழர், சீக்கியர் என்ற பேதமின்றி, சில்லறைக் காசுக்கு எல்லோரையும் உள்ளே விட்ட ஸ்தாபனங்கள் அவை.

தோட்டத்து லயங்களில் வசித்த தமிழ் மக்களுக்கு மலையிலிருந்து சமவெளிக்கு இறங்குவதே ஒரு பிரயாணம். 1948 ஜூன் மாதம் அவசரகாலம் பிரகடனமாகி 1960 வரை நீடித்தபடியால், ஊரடங்கும் சாலைச் சோதனையும் அப்பிரயாணத்தை இன்னும் அரிதாக்கின. ஆயினும் கிங்காங் என்ற பெயரும் தாரா சிங் என்ற பெயரும், அவ்விருவரையும் ஒருமுறையேனும் நேரிற் கண்டிராத மக்களின் வாயிலும் மாமன் மைத்துனன் பெயரைப் போலச் சரளமாக வழங்கின. உடல் வலிமையைக் காட்டி மிரட்டுகிறவனைப் பார்த்து, ‘நீ என்ன பெரிய தாரா சிங்கா?’ என்று கேட்காத தமிழூர் உண்டோ?

கிங்காங் என்று உலகறிந்த அம்மனிதரின் இயற்பெயர் எமில் சாயா. 1909-இல், அந்நாளில் ஆஸ்திரிய-ஹங்கேரிய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்திருந்து இன்று ருமேனியாவில் உள்ள பிராஷோவ் நகரில் பிறந்த அவர், தேசதேசாந்திரங்கள் சுற்றி, கீழை நாடுகளுக்கு வந்து, சிங்கப்பூரையே தம் இருப்பிடமாக்கிக் கொண்டார். சுமார் 180 கிலோ எடையும், தாடியடர்ந்த முகமும், காண்போரை நடுக்கும் கர்ஜனையும் உடைய அவர் கோதாவில் ஏறிய மாத்திரத்திலேயே, ஜனங்கள் அவரை வெறுக்கத் தொடங்குவார்கள். வெறுப்பதற்காகவே மறுநாளும் சீட்டு வாங்குவார்கள். தாரா சிங்கோ, அமிர்தசரஸ் ஜில்லாவில் 1928-இல் பிறந்து, 1947-இல் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்குக் கப்பலேறி, அங்கே டிரம் தயாரிக்கும் ஆலையொன்றில் கூலி வேலை செய்துகொண்டே, கிரேட் வொர்ல்டு அரங்கில் ஹர்னாம் சிங் என்னும் ஆசானிடம் பயின்று, கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வீழ்த்தி மலேயாவின் வீரர் பட்டத்தைப் பெற்றவர். பிற்காலத்தில் இந்தியா முழுவதும் கொண்டாடிய பயில்வான் உருவானது நம்முடைய நாட்டின் கேளிக்கைப் பூங்காக்களில்தான் என்பதை இங்குள்ளோரே மறந்துவிட்டது எனக்கு மெய்யாகவே வருத்தமளிக்கிறது.

இவ்வகைக் காட்சியைப் பற்றிப் பேச்செடுத்தாலே, ‘எல்லாம் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்ட ஆட்டம்’ என்று சொல்லித் தள்ளிவிடுவது படித்தவர்களின் வழக்கம். அது பெரும்பாலும் மெய்யே. ஆனால் அந்த மெய்யைச் சொல்லி நின்றுவிட்டால் இத்தொழிலின் சரித்திரமே கண்ணிற் படாமற் போய்விடும். பேசி வைத்தவர் யார், யார் சொல்லுக்கு யார் கட்டுப்பட்டார், தோல்வியை ஏற்க மறுக்கும் உரிமை எவரிடம் இருந்தது, அந்த உரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பனவே கேட்கத்தக்க கேள்விகள். சனத்திரளை ஈர்த்துவரும் நட்சத்திர மல்லன் ஒருவனுக்குத் திரைமறைவில் உண்டாகும் செல்வாக்கு, கோதாவில் நிகழ்வதை எவ்வாறு வகுத்தது என்பதே இத்தொழிலின் உள்வரலாறு.

முடிவு எவர்க்கும் தெரியாத மற்போரையே நம் முன்னோர் பாடினர். ஆமூர் மல்லனைப் போர்வைக் கோப் பெருநற்கிள்ளி வென்ற செய்தியைப் புறநானூற்றில் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். அவ்வீரனைக் காதலித்த நக்கண்ணையாரின் பாட்டிலோ, வெற்றி அவனுக்கே என்பாரும் அன்று என்பாருமாய் ஊர் இரண்டுபட்டு நிற்கிறது. பல்லவ மன்னன் மாமல்லன் என்னும் விருதைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டதும் அந்த மரபின் கௌரவத்தால்தான். வடநாட்டில் சமஸ்தானாதிபதிகள் பயில்வான்களைப் பாலும் நெய்யும் பாதாமும் அளித்துப் போஷித்தார்கள். ஆகவே பயில்வான் கட்டணம் வசூலாவதை நம்பியிருக்கவில்லை. அந்த மரபின் சிகரமாய் விளங்கிய காமா, 1910-இல் லண்டன் சென்று, போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவோடு செப்டம்பர் 10-ஆம் நாள் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பொருதார். தரையோடு தரையாய்ப் படுத்துத் தம்மைக் காத்துக்கொண்ட ஸ்பிஸ்கோ, ஒரு வாரங் கழித்து நடக்கவேண்டிய மறுபோட்டிக்கு வரவேயில்லை. அக்காலத்தின் உலக வீரரான அமெரிக்கர் பிராங்க் காட்ச்சோ காமாவின் அறைகூவலுக்குச் செவிசாய்க்கவேயில்லை. எதிரி இன்னான் என்று தேர்ந்துகொள்வதும், வேண்டாதவனைத் தவிர்ப்பதும் நட்சத்திர மல்லனுடைய அதிகாரத்தின் ஆதிவடிவம். பின்னர் வந்த சூழ்ச்சிகளெல்லாம் அதன் கிளைகளே.

அமெரிக்காவில் 1920-களில் எட் லூயிஸ் என்ற பெருமல்லரும், அவருடைய மேலாளர் பில்லி சாண்டோவும், டூட்ஸ் மாண்ட் என்ற உபாயக்காரரும் ஒன்றுசேர்ந்து இத்தொழிலை மாற்றியமைத்தார்கள். மணிக்கணக்கில் அசையாது கிடந்த பழைய மல்யுத்தத்துக்குக் கால வரையறை வகுத்து, வேகமான பிடிகளைப் புகுத்தி, நாடகக் கம்பெனியைப் போல ஒரே மல்லர் கூட்டத்தை ஊர் ஊராக அழைத்துச் சென்று, எந்த ஊரில் எவர் வெல்வது என்பதைத் தாங்களே நிர்ணயித்தார்கள். 1925 ஜனவரியில், கால்பந்தாட்டத்தில் பேர்பெற்றவரும் மல்வித்தையில் தேர்ச்சியற்றவருமான வேய்ன் மன் என்பவருக்கு லூயிஸ் தாமே பட்டத்தை விட்டுக்கொடுத்தார். புது முகத்தைக் காண ஜனங்கள் திரளுவார்கள் என்பது கணக்கு. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் காமாவிடம் அகப்படாமல் தரையிற் கிடந்த அதே ஸ்பிஸ்கோ, அவ்வாண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், மன்னிடம் தோற்பதாக ஒப்புக்கொண்டு பிலடெல்பியாவில் கோதாவில் இறங்கினார். இறங்கியபின் ஒப்பந்தத்தை உதறிவிட்டு, மெய்யாகவே மல்வித்தை புரிந்து, அப்பாவி மன்னை மறுபடியும் மறுபடியும் மல்லாத்தினார். தோள்கள் தரையிற் பட்டதைப் பல்லாயிரம் கண்கள் பார்த்துவிட்டதால், நடுவருக்கு வேறு வழியில்லாமற் போயிற்று. ஸ்பிஸ்கோ எதிர்க்கட்சியாரோடு அந்தரங்கமாக உடன்பட்டிருந்தார் என்பது, அடுத்த மாதமே அவர் பட்டத்தை அக்கட்சியின் ஜோ ஸ்டெச்சரிடம் இழந்தபோது எல்லோர்க்கும் விளங்கிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து, 1928-இல், பாட்டியாலாவில் காமா அவரை ஒரு நிமிஷத்துக்குள் வீழ்த்தினார். சமஸ்தானப் பயில்வானின் மல்வித்தையும் சந்தை மல்லரின் சாமர்த்தியமும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் இப்படி வந்து சந்தித்தது சரித்திரத்தின் அபூர்வமான பொருத்தம்.

தமிழ் மக்களுக்கு இது புரியாத விஷயமன்று. நம் நாடக மேடையிலும், ராஜபார்ட் போடுகிறவரின் சித்தம் எதுவோ அதுவே நாடகமாய் நடந்த காலம் உண்டு. ஆசிரியர் எழுதிய வசனத்தை விட்டுத் தம் மனம்போனபடி பேசியும், பாட்டுக்குப் பாட்டு எதிர்ப்பாட்டுப் பாடியும், இரவு முழுவதையும் தம்முடையதாக்கிக்கொண்ட நடிகர்களால் மனம் சலித்தே, சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தினார். புகழ் முற்றிய நடிகர்களைத் திருத்த இயலாதென்று கண்டு, புகழே அறியாத பிள்ளைகளிடம் கலையை ஒப்படைத்த அவருடைய தீர்மானம், மல்யுத்த உலகில் எவர்க்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் எத்தனையோ திறமைகள் வீணாகாமல் இருந்திருக்கும்.

ஜப்பானில் நடந்தது இன்னும் கடுமையானது. அந்நாட்டில் இத்தொழிலை ஸ்தாபித்தவரான ரிக்கிடோசான், மல்லரும் ஸ்தாபன அதிபரும் ஆகிய இரண்டு ஸ்தானங்களையும் ஒருங்கே வகித்தார். 1954 டிசம்பர் 22-ஆம் நாள், ஜூடோ வித்தையில் ஒப்புயர்வற்ற கிமுராவோடு அவர் மோதினார். முதல் ஆட்டம் சமனில் முடியவேண்டும், பின்னர் மாறி மாறி வெல்லலாம் என்பது ஏற்பாடென்று கிமுரா பிற்பாடு கூறினார். ஆனால் ரிக்கிடோசான் இடையிலே ஏற்பாட்டை மீறி, எதிர்பாராமல் நின்றவரை அடித்துச் சாய்த்துவிட்டார். தேசமே பார்த்துக்கொண்டிருக்க ஏற்பட்ட அந்த அவமானம் கிமுராவை வாழ்நாள் முழுவதும் விட்டகலவில்லை. மறு ஆண்டு நவம்பர் மாதம் நம்முடைய கிங்காங் டோக்கியோவுக்குச் சென்றார். முதலில் டைகர் ஜோகிந்தர் சிங்கோடு இணைந்து, ஆசிய இரட்டையர் பட்டத்தை ரிக்கிடோசானின் அணியிடமிருந்தே வென்றார்; சில நாள் கழித்து, 22-ஆம் நாள், ஆசியத் தனி வீரர் பட்டத்துக்கான ஆட்டத்தில் அதே ரிக்கிடோசானிடம் தோற்றார். சிங்கப்பூர்ப் பூங்காக்களில் காசுக்குக் கர்ஜித்த மனிதர், ஒரு பெரிய தேசத்தின் வீரநாயகனுக்கு முதல் ஆசியப் பட்டத்தை அளிக்கும் கருவியானார். இதை இழிவென்று நான் எண்ணவில்லை. எதிரே நின்றவன் மலை போலிருந்தாலன்றி மலையைப் புரட்டினான் என்னும் பெயர் எவனுக்கு வரும்?

தாரா சிங்கின் வாழ்க்கையைப் பார்த்தாலும் இதே உண்மை தெளிவாகும். 1954-இல் டைகர் ஜோகிந்தர் சிங்கை வென்று ருஸ்தம்-ஏ-ஹிந்த் ஆனதும், 1959-இல் கல்கத்தாவில் ஜார்ஜ் கார்டியங்கோவை வென்று காமன்வெல்த் பட்டம் பெற்றதும், 1968 மே மாதம் பம்பாயில் லூ தேஸை வென்று உலக வீரரெனப்பட்டதும், பிரசித்தமான செய்திகள். இடையில் 1962-இல் கிங்காங் என்ற பெயரிலேயே எடுக்கப்பட்ட ஹிந்திப் படத்தில் அவர் கதாநாயகரானார். அவருடைய தம்பி ரந்தாவாவும் அண்ணனைப் பின்பற்றிக் கோதாவிலும் திரையிலும் இடம்பெற்றார். சினிமாக் கீர்த்தியும் மல்யுத்தக் கீர்த்தியும் ஒன்றையொன்று வளர்க்கத் தொடங்கியபின், தாரா சிங் தோற்பதைக் காண எந்த ஊர் ஜனங்களும் சம்மதித்திருக்க மாட்டார்கள். பிற்காலத்தில் தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாகத் தோன்றியவரல்லவா! இங்கே திரைமறைவுச் செல்வாக்கு என்பது ஒரு மனிதரின் பிடிவாதத்தால் விளைந்ததென்று கொள்ள நியாயமில்லை. ஜனங்களின் பக்தியே அதை அவர் கையிற் கொடுத்துவிட்டது. இத்தனைக்கும் அவர் மெய்யான மல்லர். தாரா சிங் உண்மையான மல்வித்தை கற்றவர், உடலைச் சிறப்பாகப் பேணியவர், அவரிடம் தோற்பதில் தமக்குத் தயக்கமிருக்கவில்லை என்று லூ தேஸே தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அந்தத் தேஸ் அப்படிச் சொன்னதற்கு மதிப்பு மிக அதிகம். ஏனெனில், எவரிடம் தோற்பது என்பதை அவர் அளவுக்குக் கண்டிப்பாகத் தீர்மானித்தவர் இல்லை. 1957-இல் தம்மிடமிருந்த உலகப் பட்டத்தைத் துறக்க விரும்பியபோது, கூட்டம் சேர்க்கும் வல்லமை படைத்த பட்டி ராஜர்ஸுக்கு அதைத் தர மறுத்து, மல்வித்தையில் வல்லவரான டிக் ஹட்டனுக்கே தருவேன் என்று வற்புறுத்தி, அவ்வாறே நவம்பர் 14-இல் டொராண்டோ நகரில் தோற்றார். வித்தையின் கௌரவம் காக்கப்பட்டது. ஆனால் ஹட்டனைக் காணக் கூட்டம் வரவில்லை. நல்லெண்ணத்தால் செலுத்தப்பட்ட செல்வாக்கும் தொழிலை நலியச் செய்யக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நான் அறிந்தவரை இல்லை.

நட்சத்திரத்தின் செல்வாக்கு ஆட்டத்தின் விதிகளையே வகுத்ததும் உண்டு. முகமது அலி 1975 ஜூலை 1-ஆம் நாள் கோலாலம்பூர் மெர்டேகா அரங்கில் ஜோ பக்னரோடு குத்துச்சண்டையிட்டதை நம் நாட்டார் பலர் நினைவில் வைத்திருப்பர். அதற்கடுத்த ஆண்டு ஜூன் 26-இல் டோக்கியோவில் மல்லர் அன்டோனியோ இனோக்கியை அவர் சந்தித்தபோது, அலியின் தரப்பார் விதிகளை இறுக்கி, ஒரு முழங்கால் தரையிற் படாமல் இனோக்கி உதைக்கலாகாது என்பன போன்ற நிபந்தனைகளை ஏற்கச் செய்தார்கள். விளைவு, பதினைந்து சுற்றும் இனோக்கி மல்லாந்து கிடந்தே உதைத்தார், ஆட்டம் சமனாயிற்று, அலியின் கால்கள் வைத்தியசாலையில் சிகிச்சை பெற வேண்டியதாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 12-இல் கராச்சியில், காமாவின் வம்சத்தில் வந்த அக்ரமோடு இனோக்கி மோதியபோது, ஆட்டம் எவ்வகையினது என்பதிலேயே திரைக்குப் பின் உடன்பாடு ஏற்படவில்லை என்பர். இரு பெரும் பெயர்களுக்கிடையே விட்டுக்கொடுப்பவர் இல்லாமற் போனதால், அன்று அக்ரமின் கை முறிந்தது.

நம் தோட்டங்களுக்குத் தொலைக்காட்சி வந்தபின், அமெரிக்க மல்லர்களே பிள்ளைகளின் நாயகரானார்கள். அவர்களுள் முதல்வரான ஹல்க் ஹோகனைப் பற்றி இரண்டு செய்திகளை மட்டும் சொல்லவேண்டும். 1986-இல் ஜெஸ்ஸி வெஞ்சுரா என்பவர் மல்லர்களுக்கென ஒரு தொழிற்சங்கம் அமைக்க முயன்றபோது, அந்த இரகசியம் அவர்களுடைய மல்யுத்த ஸ்தாபனத்தின் முதலாளி மக்மானின் காதுக்கு எட்டிவிட்டது. சொன்னவர் ஹோகன் என்பது பல ஆண்டுகள் கழித்து ஒரு வழக்கு விசாரணையில் தமக்குத் தெரியவந்ததாக வெஞ்சுரா எடுத்துரைத்திருக்கிறார். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாவதற்கு முன்னும் பின்னும் நம்மவர் பட்ட பாட்டை அறிந்த வாசகர்களுக்கு, ஒரு சங்கம் முளையிலேயே கிள்ளப்படுவதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. தோள் எலும்பு முறிய விழுகின்ற சாதாரண மல்லனுக்கு இன்றுவரை அந்தப் பாதுகாப்புக் கிட்டவில்லை. இரண்டாவது செய்தி: பின்னர் மக்மானுக்குப் போட்டியான ஸ்தாபனத்துக்குச் சென்ற ஹோகன், தம் ஆட்டத்தின் முடிவைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார். மூத்த நட்சத்திரங்கள் இறங்க மறுத்த அவ்விடத்தில் இளையவர்கள் ஏற வழியில்லாமல் போயிற்று. 2001 மார்ச்சில் அந்த ஸ்தாபனம் எதிரியிடமே விலைபோயிற்று. வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் இதுவும் ஒரு முக்கிய காரணமென்பதே என் அபிப்பிராயம். எழுத்தில் வாங்கிய உரிமையும் எப்போதும் காப்பாற்றவில்லை: 1997 நவம்பர் 9-இல் மாண்ட்ரியலில், அத்தகைய உரிமை பெற்றிருந்த பிரெட் ஹார்ட்டை, அவர் அறியாமலே தோற்றவராக்கி மணியடிக்கச் செய்தார் மக்மான்.

இவ்வளவையும் எண்ணிப் பார்க்கையில், என் மனம் மீண்டும் எமில் சாயாவிடமே செல்கிறது. ஜோகிந்தரோடு ஓரூரில் பகைவராகவும் மற்றோரூரில் கூட்டாளியாகவும் நின்று, ரிக்கிடோசானுக்கும் தாரா சிங்குக்கும் தம் பேருடலை வெற்றியின் அளவுகோலாக ஈந்து, வசவுகளுக்கிடையே கோதாவிலிருந்து இறங்கிப்போன அவர், கீழ்த்திசை மல்யுத்தக் காட்சியின் உண்மையான ஆதாரம் என்பது என் முடிபு. அவருக்கும் செல்வாக்கு இருந்தது. அவர் பெயரின்றி நோட்டீஸ் அச்சாகாத காலமும் இருந்தது. அந்தச் செல்வாக்கைத் தோற்க மறுப்பதற்கு அவர் செலவிடாததால்தான், இருபது ஆண்டுகளுக்கு மேலாக அத்தனை மல்லர்கள் அத்தனை ஊர்களில் பிழைத்தார்கள். 1970-இல் மோட்டார் விபத்தொன்றில் காயமுற்று அவர் காலமானார்.

ஈப்போ, கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய ஊர்களில் நடந்த அக்காட்சிகளின் நோட்டீஸுகளோ, நுழைவுச் சீட்டுகளோ, மல்லர்களின் நிழற்படங்களோ தானா ராத்தாவிலும் சுற்றுத் தோட்டங்களிலும் எவர் வீட்டுப் பெட்டியிலேனும் இருக்குமாயின், கறையான் தின்னுமுன் அவற்றை ஒரு நூலகத்தில் ஒப்படைக்கும்படி அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன். அக்காட்சிகளைக் கண்ணாரக் கண்ட முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். எழுதும்போது வென்றவர் பெயரோடு தோற்றவர் பெயரையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.